பழைய ஈஸிஸ்டார்: முதலில் கத்தி வைப்பது மோட்டாருக்கா, இறக்கைக்கா?

ஜெர்மனியின் மல்டிப்ளெக்ஸ் நிறுவனம் செய்த ஈஸிஸ்டாரின் முதல் பதிப்பு, ரிமோட் விமானம் பழகுபவர்களிடம் இன்றும் கைமாறிக்கொண்டிருக்கிற மாடல். 1370 மி.மீ. இறக்கை, எலாபோர் என்ற நுரையில் வார்த்த உடல், இறக்கைக்கு மேலே பின்பக்கம் பார்த்த ப்ரொப்பல்லர். மூக்கு குத்தி விழுந்தாலும் நசுங்குவது நுரைதான், மோட்டார் தப்பிவிடும். ஓட்டுவதற்கு மோட்டார் வேகம், மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டர், பக்கவாட்டில் திருப்பும் சுக்கான் என்று மூன்றே கட்டுப்பாடுகள். விமானத்தைச் சாய்க்க இறக்கையின் பின் ஓரத்தில் வரும் ஐலரான் என்ற அசையும் பட்டை கிடையாது. இரண்டு இறக்கைகளும் சற்றே மேல்நோக்கி வி வடிவில் நிற்பதால், சுக்கானைத் திருப்பினாலே விமானம் தானாகச் சாய்ந்து திரும்பிவிடும்.

கை கொஞ்சம் பழகியதும் இதில் எதையாவது மாற்றத் தோன்றும். பெரும்பாலும் இரண்டு ஆசைகள்: உள்ளே உரசும் பிரஷ் இல்லாத, சக்தி கூடிய பிரஷ்லெஸ் மோட்டார், இல்லையென்றால் ஐலரான்.

மோட்டாரை எடுத்துக்கொள்வோம். கூடவே வருவது பெர்மாக்ஸ் 400, 6 வோல்ட் பிரஷ் மோட்டார். காற்றில்லாத காலை நேரத்துக்கு அது போதும். எதிர்க்காற்று வந்தால் விமானம் நின்ற இடத்திலேயே நிற்கும். பிரஷ்லெஸ்ஸுக்கு மாறினால் ஏறும் வேகம் ஆளையே மாற்றிவிடும். ஆனால் மோட்டாரோடு, அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈ.எஸ்.சி.யையும் மாற்றியாக வேண்டும். பழையதில் மோட்டாருக்குப் போவது இரண்டு ஒயர், புதியதற்கு மூன்று தேவை.

எந்த மோட்டார் என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ப்ரொப்பல்லர் சுற்றுகிற இடத்துக்குக் கீழேயே உடல் இருக்கிறது. முதலில் வருவது 125 மி.மீ. ப்ரொப்பல்லர், 6 இஞ்ச் போட வேண்டுமென்றாலே நுரையைச் சீவ வேண்டும், அல்லது மோட்டாரைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். ஆகவே மெதுவாகச் சுற்றிப் பெரிய ப்ரொப்பல்லரை இழுக்கும் மோட்டார் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இங்கே வீண். சின்ன ப்ரொப்பல்லரை வேகமாகச் சுற்றுவது வேண்டும்: 2200 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் இத்தனை சுற்று) சுமாரில் ஒன்று, 6க்கு 4 ப்ரொப்பல்லர் (6 இஞ்ச் விட்டம், ஒரு சுற்றுக்கு 4 இஞ்ச் முன்னேறும் சாய்வு), 30 ஆம்பியர் ஈ.எஸ்.சி.

சக்தி கூடினால் இரண்டு தொல்லைகள் கூடவே வரும். மோட்டார் உயரத்தில் இருப்பதால், திடீரென்று முழு வேகம் கொடுத்தால் மூக்கு கீழே குனியும். ரிமோட்டில் வேகத்தோடு கொஞ்சம் எலிவேட்டரும் தானாகச் சேர்ந்து அசையும்படி மிக்ஸ் போடலாம். இல்லையென்றால் மோட்டாரின் ப்ரொப்பல்லர் பக்கத்தைச் சற்றே மேலே தூக்கி ஒட்டலாம். இரண்டாவது, இறக்கை. வேகமாக இறங்கிச் சட்டென்று இழுத்தால் அது வில்லாக வளையும். கார்பன் குழாய் ஒன்றைப் பதித்துவிடுவது நல்லது.

மோட்டாரைத் தொடாமல் பேட்டரியை மட்டும் மாற்றும் கூட்டமும் உண்டு. பழைய நிக்கல் பேட்டரிக்குப் பதில் 2 செல் லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி, அதாவது 7.4 வோல்ட். எடை நன்றாகக் குறையும். ஆனால் மூக்கும் இலேசாகும், பேட்டரியை முன்னே தள்ளி எடைமையத்தைத் திரும்பப் பார்க்க வேண்டும். லைப்போ எந்த வோல்ட்டுக்கு இறங்கியதும் மோட்டாரை நிறுத்த வேண்டும் என்று பழைய ஈ.எஸ்.சி.க்குத் தெரியாமல் இருக்கலாம். செல் 3 வோல்ட்டுக்குக் கீழே போனால் பேட்டரி கெட்டுவிடும், எனவே டைமர் வைத்தே பறக்க வேண்டும். 3 செல் போட்டால் அந்த 6 வோல்ட் மோட்டார் கருகிவிடும், முயலவே வேண்டாம்.

சரி, ஐலரான். இறக்கையின் பின் ஓரத்தை வெட்டி, வெட்டிய இடத்தில் டேப்பை ஒட்டிக் கீல் ஆக்கி, பக்கத்துக்கு ஒன்றாக 9 கிராம் சர்வோ (ஐலரானை அசைக்கும் குட்டி மோட்டார்) பதிக்க வேண்டும். எலாபோர் நுரை, சூப்பர் க்ளூ வகையான சயனோ பசைக்குத் தெர்மகோல் போல உருகாது, அதனால் ஒட்டுவது சுலபம். சிக்கல் பறக்கும்போதுதான். அந்த வி வடிவம் விமானத்தைச் சமநிலைக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும், ஐலரான் அதோடு மல்லுக்கட்டும். கீழே இறங்கும் ஐலரான் அந்தப் பக்கத்தை இழுத்துப் பிடிப்பதால் மூக்கு எதிர்த்திசையில் திரும்பப் பார்க்கும். மேலே போகும் அளவை அதிகமாகவும் கீழே இறங்கும் அளவைக் குறைவாகவும் வைத்தால் சரியாகும். அதற்குத் தோதாக இரண்டு சர்வோக்களையும் தனித்தனிச் சேனலில் செருகினால், ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவரில் ஐந்து சேனல் வேண்டும். வி வடிவத்தைத் தட்டையாக்கினால் ஐலரான் நன்றாக வேலை செய்யும், ஆனால் சுக்கான் மட்டும் போதும் என்றிருந்த அந்தச் சாதுத்தனம் போய்விடும். அதற்காகத்தானே இந்த விமானத்தை வாங்கினோம்?

“திரும்ப மாட்டேன் என்கிறது” என்பதற்காக ஐலரான் வெட்டுபவர்கள் முதலில் சுக்கானைப் பெரிதாக்கிப் பார்க்கலாம். பின் ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு மெல்லிய பிளாஸ்டிக் தகடோ நுரைப் பட்டையோ ஒட்டினால் போதும். காசு பெரிதாக ஆகாது, பிடிக்கவில்லையென்றால் பிய்த்து எறியலாம். காற்றில் திருப்பம் எவ்வளவு மாறுகிறது என்று பார்த்தபின் பாதிப் பேர் கத்தியைக் கீழே வைத்துவிடுவார்கள் என்பது என் கணிப்பு.

என் வரிசை: சுக்கான், பிறகு பிரஷ்லெஸ்ஸும் கார்பன் குழாயும். ஐலரானை இந்த விமானத்தில் வெட்டவே மாட்டேன். உருளவும் தலைகீழாகப் பறக்கவும் ஆசை வந்துவிட்டதென்றால், ஐலரானுக்கு இடம் வைத்தே செய்த ஈஸிஸ்டார் 2 இருக்கிறது, ஹாபிகிங்கின் பிக்ஸ்லர் இருக்கிறது. வெட்ட வாங்கும் சர்வோவையும் ரிசீவரையும் அதிலேயே போட்டுக்கொள்ளலாம்.