லீவரா, பொத்தானா, சிறு குமிழா: கியரைத் தேடும் கைக்கு மூன்று பதில்கள்

ஒரு ஸ்போர்ட்ஸ் காரை எடைபோடுபவர்கள் முதலில் குதிரைத்திறனைப் பார்ப்பார்கள். நான் முதலில் பார்ப்பது இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே உள்ள இடத்தை. குறுகிய தெருவில் முன்னும் பின்னுமாக வண்டியைத் திருப்பும்போது ஓட்டுநரின் கண்கள் பக்கக் கண்ணாடிகளில் இருக்கும். ரிவர்ஸ் எங்கே, டிரைவ் எங்கே என்பதைக் கைதான் தடவிக் கண்டுபிடிக்க வேண்டும். அந்தக் கைக்கு என்ன கொடுப்பது என்ற கேள்விக்கு 2018 நவம்பரிலிருந்து 2019 நவம்பருக்குள், ஒரே ஆண்டில், போர்ஷே, ஷெவர்லே, ஃபெராரி மூன்றும் மூன்று வெவ்வேறு விடைகளைத் தந்தன.

முன்பெல்லாம் இதில் தேர்வுக்கே இடமில்லை. லீவரிலிருந்து புறப்படும் தண்டு நேராகக் கியர் பெட்டிக்குள் போகும். அது போகும் வழியில்தான் லீவர் நிற்க முடியும். அந்தத் தண்டைத் தூக்கி எறிய வழிகாட்டியது பந்தயக் களம். ஃபெராரிக்காக ஜான் பர்னார்ட் வடிவமைத்த 640 ஃபார்முலா 1 காரில் கியர் மாற்றும் பேடில்கள், அதாவது விரலால் இழுக்கும் சிறு பட்டைகள், ஸ்டீயரிங்கின் பின்னால் வந்தன. வேகமாகக் கியர் மாறுவது மட்டும் அவருடைய நோக்கம் அல்ல. லீவரும் அதன் தண்டும் அடைத்துக்கொண்டிருந்த இடத்தை மீட்டு, ஓட்டுநர் அறையை ஒடுக்க விரும்பினார். 1989 பிரேசில் பந்தயத்தில் நைஜல் மான்செல் அந்தக் காரில் வென்றார். 1997இல் எஃப்355 மூலம் அதே பேடில்கள் சாலைக்கு வந்தன. இன்று பேடில்தான் கியர் மாற்றுகிறது. நடுவில் இருக்கும் கருவி ஒரு மின்சமிக்ஞையை அனுப்புகிறது, அவ்வளவே. எனவே அது எந்த வடிவத்திலும் இருக்கலாம்.

போர்ஷே 911இன் 992 தலைமுறை இதைக் கடைசி எல்லைவரை கொண்டுபோனது. போர்ஷேயின் தானியங்கி கியர் பெட்டியான பிடிகே உள்ள வண்டிகளில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு குமிழ். முன்னே தள்ளினால் ரிவர்ஸ், பின்னே இழுத்தால் டிரைவ், பார்க் நிலைக்குத் தனிப் பொத்தான். மின்சவரக் கருவியைப் போல இருக்கிறது என்று பலர் முகம் சுளித்தார்கள். தோற்றம் எனக்கு ஒரு குறையாகத் தெரியவில்லை. செய்யும் வேலை சிறியது, கருவியும் சிறியது. அதில் ஒரு நேர்மை இருக்கிறது. என் மனத்தாங்கல் வேறு. அந்தக் குமிழைக் கொண்டு நாமே கியர் மாற்ற முடியாது. முந்தைய தலைமுறையின் லீவரில் அது முடிந்தது. வளைவில் ஸ்டீயரிங்கைப் பாதி திருப்பியிருக்கும்போது பேடில்களும் அதோடு சேர்ந்து சுழன்றுவிடும். அப்போது நடுவில் ஒரு லீவர் இருந்தால் கை நேராக அங்கே போகும். இந்தக் குறையைப் போர்ஷேவே உணர்ந்திருக்க வேண்டும். 2021இல் வந்த 992 ஜிடி3 காரின், அதாவது பந்தயத் தடத்தை மனத்தில் வைத்துச் செய்த 911இன், பிடிகேவுக்குப் பழையபடி உயரமான, கையால் கியர் மாற்றக்கூடிய லீவரையே பொருத்தினார்கள்.

அந்த லீவர் எந்தத் திசையில் அசைகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். பழைய போர்ஷே தானியங்கிகளில் மேல் கியருக்கு முன்னே தள்ள வேண்டும். ஜிடி3 வரிசை 2013லேயே பந்தய முறைக்கு மாறிவிட்டது: இழுத்தால் மேல் கியர், தள்ளினால் கீழ் கியர். உடலே இதற்குச் சாட்சி சொல்லும். ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது உடல் இருக்கையில் பின்னோக்கி அழுந்துகிறது, கையும் இழுக்கும் திசையில் போகிறது. பிரேக் பிடிக்கும்போது உடல் முன்னே சாய்கிறது, தள்ளுவது எளிதாகிறது. இதற்கு எதிரான முறையைப் பழக்கத்தின் பேரில் தாங்கிப் பிடிப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

ஷெவர்லேயின் கார்வெட் சி8 வந்தபோது எழுந்த எதிர்ப்பு இன்னும் கடுமையானது. 2019 வரை ஏழு கியர் மேனுவல் கிடைத்த காரில் இனி கிளட்ச் பெடலே கிடையாது. தானாகவே கியர் மாற்றும் இரட்டைக் கிளட்ச் பெட்டி மட்டும்தான். லீவர் இருந்த இடத்தில் வரிசையாகச் சில பொத்தான்கள். ஸ்போர்ட்ஸ் காருக்குப் பொத்தான் பொருந்தாது என்ற குரல்களை அப்போது நிறையக் கேட்டேன். ஆனால் அந்த வரிசையை ஒருமுறை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். பார்க், நியூட்ரல், மேனுவல் நிலைக்கான எம் ஆகியவை அழுத்தும் பொத்தான்கள். ரிவர்ஸும் டிரைவும் விரல் நுனியை உள்ளே விட்டு இழுக்கும் சிறு பிடிகள். வண்டியை நகர்த்தும் இரண்டையும் இழுக்க வேண்டும், மற்றவற்றை அழுத்த வேண்டும். கை இடம் தவறிப் போனாலும் வண்டியை நகர்த்தும் கட்டளையை அறியாமல் அழுத்திவிட முடியாது. இதை யோசித்தவர் உட்கார்ந்து ஓட்டிப் பார்த்து யோசித்திருக்கிறார்.

அந்த யோசனைக்கு ஏன் இவ்வளவு மதிப்புக் கொடுக்கிறேன் என்றால், யோசிக்காமல் விட்டதன் விலையைச் சாதாரண கார்களில் பார்த்துவிட்டோம். ஒவ்வொரு முறையும் தன் நடு இடத்துக்கே திரும்பிவிடும் ஒரு மின்னணு லீவரைக் கொண்ட ஜீப், டாட்ஜ், கிரைஸ்லர் வண்டிகளைத் திருத்துவதற்காக 2016இல் ஃபியட் கிரைஸ்லர் திரும்ப அழைத்தது. உலகம் முழுவதும் 11 லட்சம் வண்டிகள். பார்க்கில் போட்டுவிட்டோம் என்று நம்பி ஓட்டுநர்கள் இறங்கினார்கள். வண்டிகள் உருண்டன, பலர் காயமடைந்தார்கள். லீவர் எங்கே நிற்கிறது என்பதைப் பார்த்தோ தொட்டோ தெரிந்துகொள்ள முடியவில்லை. 911இன் குமிழும் நடு இடத்துக்குத் திரும்பும் வகையே. கார்வெட்டின் பொத்தான்களும் நிலையைப் பிடித்து வைப்பதில்லைதான். ஆனால் அங்கே ஒவ்வொரு கட்டளைக்கும் தனி இடமும் தனி அசைவும் உண்டு.

ஃபெராரி எஸ்எஃப்90இலும் ரோமாவிலும் காட்டியது நினைவின் வழி. பழைய ஃபெராரிகளில் பள்ளங்கள் வெட்டிய பளபளப்பான உலோகத் தகட்டின் நடுவே லீவர் நடமாடும். அந்தத் தகட்டையே சிறிதாக்கி, மூன்று குட்டிப் பிடிகளை நிறுத்தியிருக்கிறார்கள். பார்க்க அழகாக இருக்கிறது என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் ரிவர்ஸைத் தவிர அங்கே கைக்குப் பெரிய வேலை இல்லை. முதல் கியருக்கு வலப் பேடிலை இழுத்தால் போதும். இரண்டு பேடில்களையும் சேர்த்து இழுத்தால் நியூட்ரல். அன்றாட வேலை முழுவதும் ஸ்டீயரிங்கிலேயே முடிந்துவிடுகிறது, அதுதான் ஃபெராரியின் உண்மையான பலம். பேடில்களும் ஸ்டீயரிங் தண்டோடு நிலையாக நிற்கின்றன, சுழல்வதில்லை. எவ்வளவு திருப்பினாலும் வலது வலதுதான். கீழே இருக்கும் தகடு ஒரு நினைவுச் சின்னம்.

அந்தச் சின்னம் எதை நினைவூட்டுகிறதோ, அதைக் கையில் பிடித்த அனுபவமே வேறு. எண்ணெய் சூடேறும்வரை பழைய ஃபெராரி இரண்டாம் கியருக்குள் போக மறுக்கும். முதல் சில நிமிடங்கள் ஒன்றிலிருந்து நேராக மூன்றுக்குப் போவார்கள். சூடேறிய பிறகு லீவர் தகட்டின் ஓரத்தில் இடித்து, டக்கென்று பள்ளத்தில் விழும். எந்தக் கியரில் இருக்கிறோம் என்பதை உள்ளங்கை சொல்லிவிடும், திரையைப் பார்க்க வேண்டியதில்லை.

மேனுவலே வேண்டும் என்று கேட்பவர்களைப் பழமைவாதிகள் என்று ஒதுக்க முடியாததும் இதனால்தான். தானியங்கியாக மட்டும் வந்த டொயோட்டா ஜிஆர் சூப்ராவுக்கு ஆறு கியர் மேனுவல் 2022இல் சேர்ந்தது. ஸ்வீடன் நிறுவனமான கோனிக்செக்கின் சிசி850 இன்னும் ஒருபடி மேலே போய், ஒரே பெட்டியை ஒன்பது கியர் தானியங்கியாகவும், திறந்த தகட்டில் கிளட்ச் மிதித்து மாற்றும் ஆறு கியர் மேனுவலாகவும் இயங்க வைத்தது.

தானியங்கி என்றால் என் வாக்கு கார்வெட்டின் பொத்தான் வரிசைக்கு. மலைச்சாலைக்கு மட்டும் ஜிடி3இன் உயரமான லீவர். ரோமாவின் தகடு மூன்றாவது. சாதாரண 911இன் குமிழைக் கடைசியில் வைப்பதில் வருத்தம் உண்டு, ஏனென்றால் அந்த நிறுவனத்துக்கு இது தெரியாததல்ல. 2024இல் அறிமுகமான அவர்களுடைய 911 கரேரா டி, ஆறு கியர் மேனுவலில் மட்டுமே கிடைக்கிறது. அதன் லீவரின் தலையில் இருப்பது வால்நட் மரத்தில் செய்த குமிழ்.