கடை அடைத்த பிறகு பார்க்க சில படங்கள்

நல்ல படம் ஒன்று வந்திருக்கிறது என்று எங்களுக்குத் தெரிய வரும்போது, அநேகமாக அது தியேட்டரை விட்டுப் போயிருக்கும். நான் கோவையில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். சின்னப் படங்களுக்குப் பெரும்பாலும் காலைக் காட்சிதான் கிடைக்கிறது, அதுவும் ஒரு வாரம். அந்த நேரத்தில் நாங்கள் கட்டுப் பிரித்து அடுக்கிக்கொண்டிருப்போம். கடை அடைத்து, பஸ் பிடித்து, வீட்டுக்கு வந்து சாப்பிட்டு முடித்தால் பத்து மணி தாண்டிவிடும். எங்களைப் போன்றவர்களுக்கு ஓடிடிதான் தியேட்டர்.

ஆனால் ஓடிடியைத் திறந்தால் முகப்பில் நிற்பவை எல்லாம் ஏற்கெனவே போஸ்டரில் பார்த்த பெரிய படங்கள். நான் சொல்லப்போகிற படங்களைப் பெயர் சொல்லித் தேடினால்தான் கிடைக்கும். பெயர் தெரியாதவர்களுக்கு அவை இல்லாத மாதிரியே. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு படம் எனக்குப் பிடிக்கிறதா இல்லையா என்பது பெரும்பாலும் ஒரே விஷயத்தில் முடிவாகிவிடுகிறது. அதில் வேலை செய்கிறவர்கள் உண்மையாகவே வேலை செய்கிறார்களா? நம் சினிமாவில் கதாநாயகன் மூட்டை தூக்கினால் அந்த மூட்டையில் எடை இருக்காது. இந்தப் படங்களில் இருக்கிறது.

முதலில் ‘நசீர்’. 2020இல் வந்தது, இயக்கம் அருண் கார்த்திக். கோவையிலேயே எடுத்தது. எழுத்தாளர் திலீப்குமாரின் ‘ஒரு குமாஸ்தாவின் கதை’ என்ற சிறுகதைதான் மூலம். நெதர்லாந்தின் ரோட்டர்டாம் திரைப்பட விழாவில் ஆசியப் படங்களுக்கான நெட்பேக் விருது வாங்கியது. இவ்வளவு இருந்தும், துணிக்கடையில் வேலை செய்பவரைப் பற்றிய இந்தப் படத்தை எங்கள் கடையில் யாரும் கேள்விப்பட்டதில்லை.

படத்தில் ஒரே ஒரு நாள்தான். நசீர் காலையில் எழுகிறார், மனைவி தாஜை ஊருக்கு பஸ் ஏற்றிவிடுகிறார், கடைக்குப் போகிறார். வாடிக்கையாளருக்குச் சேலை எடுத்துக் காட்டுகிறார். மத்தியானம் கூட வேலை செய்பவர்களுக்கு ஒரு கவிதை சொல்கிறார். வெளியே ஒலிபெருக்கியில் யாரோ மதவெறுப்பைப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். அந்தப் பேச்சை அவர் கேட்கிறாரா இல்லையா என்று முகத்தை வைத்துச் சொல்ல முடியாது. கூட்டமான கடையில் நாள் முழுக்க நிற்பவர்களுக்கு அப்படி ஒரு முகம் வந்துவிடும். காதில் எல்லாம் விழும், முகத்தில் எதுவும் தெரியாது. நசீராக நடித்த குமரன் வளவன் நாடகக்காரர். சேலையைப் பிரித்து விரிப்பதிலும், வாங்காமல் போனவர் விட்டுச் சென்றதைத் திரும்ப மடிப்பதிலும் ஒரு அவசரமின்மை வைத்திருக்கிறார் பாருங்கள், அது பழகியவர் கை. அவர் நிற்பதையும் பாருங்கள். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது 2021இல்தான். நிற்பது என்றால் என்ன என்று எந்தப் படமும் எனக்கு இப்படிக் காட்டியதில்லை.

திரை சதுரமாக, பழைய டிவி போல இருக்கும். உங்கள் டிவியில் ஏதோ கோளாறு என்று நினைக்க வேண்டாம், படமே அப்படித்தான். ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவு. கடைசிப் பத்து நிமிடம் மிகவும் கடினமானது. பிள்ளைகளோடு பார்க்காதீர்கள். பார்த்த ராத்திரி தூக்கம் வராது, அதனால் மறுநாள் விடுமுறை இருக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ‘மேற்குத் தொடர்ச்சி மலை’. இந்தப் பட்டியலிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இது. லெனின் பாரதி இயக்கி 2018இல் வந்தது. விஜய் சேதுபதி தயாரித்தார், ஆனால் நடிக்கவில்லை. இளையராஜா இசை, தேனி ஈஸ்வர் ஒளிப்பதிவு. இத்தனை பெரிய பெயர்கள் இருந்தும் இதைப் பார்த்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

ரங்கசாமி என்று ஒருவர். தேனிப் பக்கம் மலையடிவாரத்தில் வீடு, மலைமேல் கேரளத்து ஏலத்தோட்டங்களில் சுமை தூக்கும் வேலை. விடியும் முன்பே ஏறத் தொடங்கி, சுமையோடு இறங்கி வருவார். ஆசை ஒன்றே ஒன்றுதான், சொந்தமாக ஒரு துண்டு நிலம். இதைத்தான் படம் முழுக்கச் சொல்கிறார்கள். வில்லன் என்று தனியாக யாரும் கிடையாது. பத்திரப்பதிவுக்கு நாள் குறித்த பிறகு நிலத்துக்காரர் வீட்டில் பங்காளிச் சண்டை வருகிறது. மழை வருகிறது. கடன் கொடுத்தவன் சிரித்துக்கொண்டே வருகிறான். நிலம் வாங்க நினைக்கும் கூலிக்காரருக்கு எதிராக ஊரில் எத்தனை விஷயங்கள் வரிசை கட்டி நிற்கும் என்று ஒவ்வொன்றாகக் காட்டுகிறார்கள்.

என் மாமியாருக்குப் போடிப் பக்கம். சின்ன வயதில் ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போனவர். சாதாரணமாகப் படம் ஓடும்போது தூங்கிவிடுவார். இந்தப் படத்தில் ரங்கசாமி, சேர்த்த பணத்துக்கெல்லாம் ஏலக்காய் வாங்கி, மூட்டையைச் சுமந்து இறங்குகிற காட்சி வந்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டார். “மெதுவா, மெதுவாப் போ சாமி” என்று டிவியைப் பார்த்துச் சொன்னார். “என்ன அத்தை, முன்னாடியே பார்த்திருக்கீங்களா?” என்றேன். “படம் எங்கத்தா பார்த்தேன், இந்தத் தடத்தைப் பார்த்திருக்கேன்” என்றார். அப்புறம் அந்த மூட்டை கை நழுவுகிறது. சரிவில் உருண்டு, பாறையில் அடித்து, காய் எல்லாம் சிதறிப் போகிறது. பின்னணியில் பெரிய இசை இல்லை, அழுகை இல்லை. அவர் கீழே பார்த்துக்கொண்டு நிற்கிறார். ஒரு மூட்டை விழுவது இத்தனை பெரிய விஷயமாக இருக்க முடியுமா என்று கேட்டால், அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தை அதற்காகத்தான் செலவழித்திருக்கிறார்கள் என்பேன்.

குறையும் சொல்ல வேண்டும். தொழிற்சங்கம், கொலை, ஜெயில் என்று பின்பாதியில் நிறைய விஷயங்கள் வேகமாக வந்து போகின்றன. முன்பாதியில் ஒவ்வொரு மேட்டையும் நடந்து ஏறிய படம் அங்கே ஓடுகிறது. ஆனாலும் முடிவு அத்தனையையும் தாங்கிப் பிடித்துவிடுகிறது. அந்த முடிவை நான் சொல்ல மாட்டேன், நீங்களும் முன்கூட்டியே தேடிப் படிக்காதீர்கள். இதை மட்டும் போனில் பார்க்க வேண்டாம். மலையும் மனிதர்களும் ஒரே சட்டகத்தில் வருகிற படம், போனில் மனிதர்கள் புள்ளியாகிவிடுவார்கள். சுமார் இரண்டு மணி நேரம். எங்களுக்கு வார விடுமுறை நாளில்தான் சரிப்பட்டு வந்தது.

நேரம் இல்லாதவர்களுக்கு ‘கூழாங்கல்’. ஒன்றே கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். 2021இல் அதே ரோட்டர்டாம் விழாவின் முதன்மை விருதான டைகர் விருது வாங்கி, அந்த ஆண்டு இந்தியாவின் சார்பில் ஆஸ்கருக்கும் அனுப்பப்பட்டது. இயக்குநர் பி.எஸ்.வினோத்ராஜ் மதுரைக்காரர். சின்ன வயதில் திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தவர். குடிகார அப்பா, பள்ளிக்கூடத்திலிருந்து மகனை இழுத்துக்கொண்டு, கோபித்துப் போன மனைவியைக் கூட்டி வர மாமனார் வீட்டுக்குப் போகிறார். அங்கே சண்டை. திரும்ப பஸ்ஸுக்கு இருந்த காசைப் பையன் கிழித்துப் போட்டுவிடுகிறான். அதனால் இரண்டு பேரும் வெயிலில் நடக்கிறார்கள். கதை அவ்வளவுதான், ஆனால் அந்த வெயில் நம் வீட்டு ஹாலுக்குள் வந்துவிடும். பையன் வேலுவாக வரும் செல்லப்பாண்டி ஒரு வார்த்தை பேசாமலேயே அப்பாவை எதிர்க்கிறான். உடைந்த கண்ணாடித் துண்டால் அப்பாவின் முதுகில் வெயிலைத் திருப்பி அடிக்கிற இடத்தில் எனக்குக் கண் கலங்கியது. வயலில் எலி பிடித்துச் சுட்டுச் சாப்பிடும் குடும்பம் ஒன்றும் வருகிறது. அவர்களைப் பரிதாபத்துக்காகக் காட்டாமல், பசிக்கு வழி தெரிந்தவர்களாகக் காட்டியதற்கு அந்த இயக்குநருக்கு ஒரு கும்பிடு.

‘டுலெட்’ பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒளிப்பதிவாளர் செழியன் இயக்கியது, 2017ஆம் ஆண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது பெற்றது, தியேட்டருக்கு வந்தது 2019இல். ஐடி கம்பெனிகளின் வரவால் வாடகை எகிறிய 2007ஆம் வருடச் சென்னையில், ஒரு மாதத்தில் வீட்டைக் காலி செய்யச் சொல்லப்பட்ட குடும்பம் வேறு வீடு தேடி அலைகிறது. பின்னணி இசையே கிடையாது. குழாய்ச் சத்தம், பாத்திரச் சத்தம், தெருச் சத்தம்தான். வாடகை வீட்டில் இருந்தவர்களுக்கு இதில் வரும் ஒவ்வொரு வீட்டுக்காரரையும் தெரிந்திருக்கும். எனக்கு ஒரே வருத்தம், நல்ல வீட்டுக்காரர்கள் இவ்வளவு அரிதா என்பது. இருந்தாலும் அந்தப் பொண்ணு அமுதா, வாடகை வீட்டுச் சுவரில் பையன் கிறுக்கிவிடக் கூடாதே என்று பதறுகிற பதற்றம் நூறு சதவீதம் நிஜம். ஷீலா அவ்வளவு நன்றாகச் செய்திருக்கிறார்.

பெண்கள் கட்டாயம் பார்க்க வேண்டியது ‘சிவரஞ்சனியும் இன்னும் சில பெண்களும்’. ‘கேளடி கண்மணி’, ‘ஆசை’ எடுத்த வசந்த்தின் படம் இது. 2021இல் நேரடியாக ஓடிடிக்கு வந்தது. அசோகமித்திரன், ஜெயமோகன், ஆதவன் ஆகிய மூவரின் கதைகளிலிருந்து மூன்று பெண்கள். சிறந்த தமிழ்ப் படம், படத்தொகுப்பு, துணை நடிகை என்று மூன்று தேசிய விருதுகள் கிடைத்தன. இரண்டு மணி நேரப் படம்தான், ஆனால் தினம் ஒரு கதையாகப் பிரித்துப் பார்த்தாலும் எதுவும் கெடாது. நான் அப்படித்தான் பார்த்தேன்.

முதல் கதையில் சரஸ்வதி, கை நீட்டும் புருஷனை ஒரே ஒரு தடவை விரல் நீட்டி எதிர்த்துவிடுகிறாள். அன்றிலிருந்து அவன் அவளிடம் பேசுவதை நிறுத்திவிடுகிறான். அடி நின்றுவிட்டது. ஆனால் அந்த ஒற்றை அறை வீட்டில் அந்த மௌனம் அடியைவிடப் பெரிதாக உட்கார்ந்துகொள்கிறது. காளீஸ்வரி சீனிவாசன் என்ற நடிகையை இதற்கு முன் எனக்குத் தெரியாது, இப்போது மறக்க முடியவில்லை. சிரிப்பு நடிகராகவே பார்த்த கருணாகரன், இதில் பார்க்கவே பயமாக இருக்கிறார். டைரி எழுதும் தேவகியின் கதை எனக்கு மற்ற இரண்டின் அளவுக்கு ஒட்டவில்லை. பார்வதி நன்றாகவே நடித்திருக்கிறார். அந்தப் பெரிய குடும்பத்து மனிதர்கள் கொஞ்சம் கதைக்காக உட்கார வைத்த மாதிரி இருக்கிறார்கள். மூன்றாவது சிவரஞ்சனி, கல்லூரியில் ஓட்டப்பந்தய வீராங்கனை. கல்யாணம், குழந்தை, அடுப்படி. ஒரு நாள் மகள் சாப்பாட்டை விட்டுவிட்டு ஸ்கூல் பஸ் ஏறிவிட, இவள் தெருவில் ஓடுகிறாள். துணை நடிகைக்கான அந்தத் தேசிய விருது இதில் நடித்த லக்ஷ்மி பிரியா சந்திரமௌலிக்குத்தான். அவர் ஓடும் அந்த ஓட்டத்துக்காகவே கொடுத்திருப்பார்கள் போல. எங்கள் கடையில் பில் போடும் பெண் பள்ளியில் கபடி ஆடியவள். அவளை இதைப் பார்க்கச் சொன்னேன். மறுநாள் வந்து, “அக்கா, அந்தக் கடைசிச் சீனை மட்டும் மறுபடி போட்டுப் பார்த்தேன்” என்றாள்.

கொங்குப் பேச்சு காதில் விழ வேண்டும் என்றால் ‘சேத்துமான்’. பெருமாள்முருகனின் ‘வறுகறி’ கதையைத் தமிழ் என்ற இயக்குநர் எடுத்தது, பா.ரஞ்சித் தயாரிப்பு. கூடை முடைகிற தாத்தா, படிக்கிற பேரன், பன்றிக்கறிக்கு ஆசைப்படும் பண்ணையக்காரர். சிரித்துக்கொண்டே பார்க்கத் தொடங்கி, நடுவில் சிரிப்பு தொண்டையில் நின்றுவிடும். எல்லோரும் சேர்ந்து பார்க்க வேண்டும், வீட்டில் சிரிப்பும் வேண்டும் என்றால் ‘ஒரு கிடாயின் கருணை மனு’ போடுங்கள். 2017இல் வந்தது, விதார்த் படம். கெடா வெட்டப் போகும் ஊர்க்காரர்கள் ஒரே லாரியில் ஏறிப் போகிறார்கள், வழியில் விபத்தில் ஒருவர் இறந்துவிடுகிறார். அந்த ஊர்ச்சனம் கூடிக் கூடிப் பேசுவது அப்படியே நம் பங்காளிகள் பேச்சு. இயக்குநர் சுரேஷ் சங்கையா 2024இல் காலமாகிவிட்டார். இன்னும் எத்தனையோ எடுத்திருக்க வேண்டியவர்.

ஒரு உபயோகமான விவரம். கூழாங்கல், சிவரஞ்சனி, சேத்துமான் மூன்றும் ஓடிடியில் வந்தது சோனி லிவ்வில். ஒரு மாதச் சந்தா கட்டினால் மூன்றையும் சேர்த்துப் பார்த்துவிடலாம். படங்கள் தளம் மாறிக்கொண்டே இருக்கும், அதனால் பணம் கட்டும் முன் படம் அங்கே இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். தமிழில் தட்டச்சு செய்து வராவிட்டால் ஆங்கில எழுத்தில் தேடினால் வரும். தினம் 1.5 ஜிபி பேக் வைத்திருப்பவர்கள் படத்தின் தரத்தை நடுத்தரத்தில் வைத்தால் கூழாங்கல்லும் நசீரும் ஒரு நாள் டேட்டாவுக்குள் முடியும். டுலெட்டுக்கு மட்டும் இயர்போன் போட்டுக்கொள்ளுங்கள். அந்தப் படத்தில் சத்தம்தான் பாதிக் கதை.