இலவச நாடிக் கருவி மேசையில் உட்காரும் முன் இதைப் படியுங்கள்

மலேசியாவில் கிள்ளான் வட்டாரப் பேரங்காடிகளில் சனி, ஞாயிறு ஆனால் ‘இலவசச் சீன நாடிப் பரிசோதனை’ என்று மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். வீட்டுப் பெரியவர்கள் அந்தப் பக்கம் போகிறவர்கள் என்றால் இதை அவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள். ஆறு மாத மூலிகை மருந்து என்று என் அம்மாவிடம் 2,400 வெள்ளி (ரிங்கிட்) கறந்துவிட்டார்கள். பணம் போனதுகூடப் பரவாயில்லை, அவர்கள் பேச்சைக் கேட்டு அம்மா இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிட்டார். அதுதான் இன்னும் என்னைக் கொதிக்க வைக்கிறது.

விஷயம் தெரிந்ததும் அம்மாவை அழைத்துக்கொண்டு அதே மேசைக்குப் போனேன். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு தமிழ்ப் பெண். “வாங்கம்மா, உட்காருங்கம்மா” என்று அவ்வளவு பாசம். கருவியைக் கட்டும் முன்பே வயது, எடை, சாப்பிடும் மருந்து, வீட்டில் யாருக்கு என்ன நோய் என்று எல்லாவற்றையும் கேட்டு டேப்லெட்டில் தட்டிக்கொள்கிறார்கள். மாமா டயாலிசிஸில் இருந்து இறந்தவர். அம்மா முதல் முறை போனபோதே அதைச் சொல்லியிருக்கிறார். அப்புறம் என்ன, “இப்படியே விட்டா உங்களுக்கும் டயாலிசிஸ்தாம்மா” என்று அந்த இடத்திலேயே கை வைத்திருக்கிறார்கள்.

மணிக்கட்டில் ஒரு பட்டை, அதற்குள் மூன்று ரப்பர் பொத்தான்கள். காற்று ஏறி நாடியை அழுத்துகிறது, திரையில் பச்சை அலை ஓடுகிறது. கொஞ்ச நேரத்தில் மனித உடல் படம் ஒன்று வந்து, இரண்டு சிறுநீரகமும் சிவப்பாக மின்னுகின்றன. கீழே ‘சிறுநீரக ஆற்றல் 41%’. இன்னொரு தடவை எடுங்கள் என்றேன். பட்டையை அவிழ்த்து மறுபடி கட்டினார்கள். இப்போது சிறுநீரகம் மஞ்சளுக்கு வந்துவிட்டது, கல்லீரல் சிவப்பாகிவிட்டது. “உடம்பு சக்தி மாறிக்கிட்டே இருக்கும் அண்ணா” என்றார் அந்தப் பெண். நின்ற இடத்தில் மாறுகிற ஒன்றைக் காட்டி ஆறு மாத மருந்தை எப்படித் தலையில் கட்டினீர்கள் என்று கேட்டேன். பதில் இல்லை.

சீன நாடி பார்க்கும் முறையையே நான் குறை சொல்லவில்லை. அந்த மூன்று பொத்தான்களும் சுன், குவான், ச்சி என்று சின்சே, அதாவது சீன வைத்தியர், மூன்று விரல் வைக்கிற இடங்கள். இடது கையில் இதயம், கல்லீரல், சிறுநீரகம். வலது கையில் நுரையீரல், மண்ணீரல், மறுபடி சிறுநீரகம் என்பது அவர்கள் கணக்கு. மூன்றாம் நூற்றாண்டில் வாங் ஷூஹே 24 வகை நாடியை எழுதி வைத்தார், 1564இல் லீ ஷிசென் 27 என்றார். நாடி பார்க்க விடியற்காலையே நல்லது என்பது அவர்களுடைய பழைய நூலின் சொல். நல்ல சின்சே முகத்தையும் நாக்கையும் பார்ப்பார், குரலைக் கேட்பார், தூக்கம், மலம், பசி எல்லாம் விசாரிப்பார், அதற்குப் பிறகுதான் கையைப் பிடிப்பார். இங்கே மத்தியானம் மீ கோரெங் சாப்பிட்டுவிட்டு வந்தவரை, ஒலிபெருக்கி அலறுகிற இடத்தில் உட்கார வைத்து, நாக்கை நீட்டச் சொல்லாமலேயே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். இது சீன வைத்தியத்துக்கும் செய்கிற அநியாயம்.

கருவியே பொய் என்றும் சொல்ல மாட்டேன். நாடியின் அழுத்த அலையைப் பதிவு செய்கிற கருவிகளுக்கு 2020இல் ஐஎஸ்ஓ 18615 என்ற உலகத் தரமே வந்திருக்கிறது. துடிப்பின் வேகம், அது சீராக இருக்கிறதா, இரத்தக் குழாய் எவ்வளவு விறைத்திருக்கிறது, இவ்வளவும் அந்த அலையில் கிடைக்கும். துடிப்பு தாறுமாறாக இருந்தால் இசிஜி எடுக்கப் போகலாம், அது உண்மையில் பயன்தான். ஆனால் சிறுநீரகம் இரத்தத்தை எவ்வளவு வடிகட்டுகிறது என்பது அதில் கிடையாது. சீன வைத்தியம் சிறுநீரகத்தோடு எலும்பு, காது, பிள்ளைப்பேறு எல்லாவற்றையும் சேர்த்தே பார்க்கிறது. ஒரு சின்சே அது பலவீனம் என்றால், சிறுநீரகம் செயலிழக்கிறது என்று அர்த்தமில்லை. இந்த இரண்டையும் வேண்டுமென்றே குழப்பித்தான் வியாபாரம் நடக்கிறது.

அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டி அம்மாவைக் காட்டினேன். சிறுநீரகம் வடிகட்டுவதைக் காட்டும் கிரியாட்டினின் இரத்தப் பரிசோதனை சரியாக இருந்தது, சிறுநீரில் புரதமும் இல்லை. ஆனால் இரத்த அழுத்தம் 178/100. “வெள்ளைக்காரன் மாத்திரைதான் கிட்னியைக் கெடுக்குது” என்று மேசைக்காரர்கள் சொல்லி மாத்திரையை நிறுத்த வைத்திருக்கிறார்கள். கட்டுப்படாத இரத்த அழுத்தம்தான் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று டாக்டர் அம்மாவிடம் பொறுமையாக எடுத்துச் சொன்னார்.

அவர்கள் விற்ற மருந்துப் புட்டிகளையும் பார்த்தேன். ‘மால்’ (MAL) என்று தொடங்கும் பதிவு எண் இல்லை, போலியைத் தடுக்கும் மின்னும் ஹோலோகிராம் முத்திரை ஒட்டியும் இல்லை. மலேசியாவில் இப்படி விற்கிற பாரம்பரிய மருந்துக்கு இரண்டும் இருக்க வேண்டும். சீனத்திலும் மலாயிலும் எழுதியிருந்த மூலிகைப் பட்டியலில் அதிமதுரம் இருந்தது. அதிமதுரம் தொடர்ந்து உள்ளே போனால் இரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். அழுத்த நோயாளி என்று தெரிந்தே அதைக் கொடுத்திருக்கிறார்கள். தவறான சீன மூலிகை சிறுநீரகத்தையே அழித்த கதையும் உண்டு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிய மாத்திரை சாப்பிட்ட பெண்கள் நூறு பேருக்கு மேல் சிறுநீரகம் பாதிக்கப்பட்டார்கள். ஒரு மூலிகைக்குப் பதில் அரிஸ்டோலோக்கியா என்ற வேறொன்று கலந்ததுதான் காரணம்.

சிறுநீரகம், இதயம், நீரிழிவு போன்ற நோய்களைத் தீர்க்கும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1956ஆம் ஆண்டுச் சட்டமே இங்கே தடுக்கிறது. மேசைக்குப் பின்னால் தொங்கிய பதாகையைப் படம் எடுத்து, புட்டிகளோடு சுகாதார அமைச்சின் மருந்தக அமலாக்கப் பிரிவில் கொடுத்திருக்கிறேன். நாடி பார்ப்பவர் பாரம்பரிய மருத்துவ மன்றத்தில் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். அந்தப் பெண்ணிடம் கேட்டேன், “நான் ஆலோசகர்தான்” என்றார்.

ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் ரசீதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் ஐந்து வெள்ளி கட்டி நீங்களே மனுப் போடலாம், வக்கீல் வேண்டாம். 50,000 வெள்ளி வரை கேட்கலாம், மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். அம்மா பெயரில் போட்டாயிற்று, விசாரணைத் தேதிக்குக் காத்திருக்கிறோம். அதே மேசையில் வாங்கியவர்கள் யாராவது இருந்தால் கீழே சொல்லுங்கள், மனுவை எப்படி நிரப்புவது என்று காட்டித் தருகிறேன்.