எம்ஐ-24 மாடல்: 1/72, 1/48, 1/35-இல் எது?

ஹெலிகாப்டர் மாடல் கட்ட ஆசைப்படுகிறவர்கள் முதலில் விசாரிப்பது எந்தக் கம்பெனி கிட் நல்லது என்றுதான். அதற்கு முன்னால் முடிவாக வேண்டியது அளவு, அதாவது அசலை எவ்வளவு சுருக்குவது என்பது (1/72 என்றால் அசலில் 72-இல் ஒரு பங்கு). போர் விமானங்களில் பழகிய அளவையே ஹெலிகாப்டருக்கும் வைத்துக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஜெட் விமானம் பெரும்பாலும் வழவழப்பான உடம்பு. காக்பிட்டில் இருக்கையின் தலைப்பகுதியும் கருவிப் பலகையின் மேல்விளிம்பும் தெரிந்தால் அதிகம். ஹெலிகாப்டரில் மூக்கெல்லாம் கண்ணாடி, இரண்டு பக்கமும் கதவு, தலைக்கு மேலே தண்டுகளும் குழாய்களுமாக ரோட்டர் தலை, அதாவது சுழலும் விசிறியின் மையம். ஒளித்துவைக்க இடமே கிடையாது. எவ்வளவு வெளியே தெரியும், தெரிவதைச் செய்து முடிக்க நம் கைக்கு வருமா என்ற இரண்டையும் பார்த்துத்தான் அளவைத் தேர்வு செய்ய வேண்டும்.

மூன்று அளவுகளையும் ஒரே ஹெலிகாப்டரில் வைத்துப் பார்ப்போம். சோவியத் எம்ஐ-24 இதற்கு வசதியானது. 1969-இல் முதன்முதலில் பறந்தது. ஆயுதமும் தாங்கும், வயிற்றுக்குள் எட்டு வீரர்களையும் ஏற்றும். எம்ஐ-24டி முதல் காக்பிட் அடுத்தடுத்த இரண்டு கண்ணாடிக் குமிழ்களாக மாறியது. கட்டுகிறவருக்கு வேலை வைக்கும் எல்லாமே இதில் உண்டு. 1/72, 1/48 இரண்டிலும் ஸ்வெஸ்தா கிட் இருக்கிறது. 1/48-இல் மனோகிராம் பனிப்போர்க் காலத்திலேயே ஒன்றைக் கொண்டுவந்தது, அது பிற்பாடு ரெவெல் பெட்டியிலும் வந்தது. 1/35-க்கு டிரம்பெட்டர்.

அசல் ரோட்டரின் விட்டம் 17.3 மீட்டர். 72-இல் அது 24 செ.மீ., 48-இல் 36 செ.மீ., 35-இல் கிட்டத்தட்ட 50 செ.மீ. ஐந்து பிளேடுகளும் நாலா பக்கமும் நீட்டிக்கொண்டு நிற்பதால் அலமாரியில் அந்த முழு வட்டத்துக்கும் இடம் வேண்டும். பெயிண்ட் அடிக்க வேண்டிய பரப்பு 72-ஐ விட 35-இல் நான்கு மடங்குக்கும் மேல். பெட்டியைக் கையில் எடுத்துப் பார்க்கும்போது இந்தக் கணக்கு யாருக்கும் தோன்றுவதில்லை.

கண்ணாடி

கிட்டில் வரும் கண்ணாடிப் பாகம் ஒரு மில்லிமீட்டர் கனம் என்று வையுங்கள். 72-இல் அது அசலில் 7 செ.மீ. கனத்துக்குச் சமம். கேனபி (காக்பிட்டின் கண்ணாடி மூடி) மூடியிருந்தால் கவலையில்லை, வளைவும் பளபளப்பும் கனத்தை மறைத்துவிடும். விமானியின் பக்கக் கதவைத் திறந்து வைத்தால் ஓரம் தடித்துத் தெரியும், மாடல் உடனே பொம்மையாகிவிடும். ஆகவே 72-இல் எம்ஐ-24 கட்டினால் மூடியே வையுங்கள். உள்ளே இருக்கை, கட்டுப்பாட்டுத் தண்டு, பலகைக்கு டெக்கால் (நீரில் நனைத்து ஒட்டும் அச்சுப் படம்) போதும். உள்பக்கத்துக்கே உரிய அந்தப் பளிச்சென்ற பச்சை கலந்த நீல நிறம் சரியாக வந்துவிட்டால் பார்ப்பவர் கண்ணுக்குப் பாதி வேலை முடிந்தது.

48-இல் அதே ஒரு மில்லிமீட்டர் 5 செ.மீ. ஆகிறது, 35-இல் 3.5 செ.மீ. கதவைத் திறந்து வைக்கத் துணிச்சல் வருவது 48-இலிருந்துதான். திறந்துவிட்டால் உள்ளே நிஜமாகவே ஏதாவது இருக்க வேண்டும். எம்ஐ-24 காக்பிட்டில் விமானிக்குக் காற்று வர ஒரு சின்ன மின்விசிறி இருக்கும். 48-இல் அது கண்ணுக்குத் தெரியும். 72-இல் வைத்தாலும் ஒன்றுதான், வைக்காவிட்டாலும் ஒன்றுதான். 5 செ.மீ. அகல இருக்கைப் பட்டை 72-இல் 0.7 மி.மீ., 48-இல் ஒரு மி.மீ., 35-இல் 1.4 மி.மீ. முதலாவதைத் தூரிகையால் கோடாக இழுத்தாலே போதும். இரண்டாவதுக்கு ஒரு காகிதத் துண்டாவது வேண்டும். மூன்றாவதில் பக்கிள், மடிப்பு எல்லாம் இல்லையென்றால் கண் உறுத்தும்.

எந்த அளவானாலும் கண்ணாடியை ஒட்ட சூப்பர் குளூ வேண்டாம். அதன் ஆவி உள்பக்கத்தில் வெள்ளைப் படலமாகப் படியும், மூடிய பிறகு துடைக்க வழியில்லை. வெள்ளை மரப்பசை போதும். சட்டங்களுக்கு முதலில் உள்பக்க நிறத்தை அடித்துவிட்டு, அதன் மேல் வெளி நிறத்தை அடியுங்கள். உள்ளிருந்து பார்த்தாலும் நிறம் சரியாக இருக்கும். பெயிண்ட் படக் கூடாத கண்ணாடியை மறைக்க ஜப்பானியக் காகித டேப் நல்லது, வளைவுக்கு நன்றாகப் படியும். எம்ஐ-24-இன் குமிழ் கேனபிக்கு முன்கூட்டியே வெட்டிய மாஸ்க் (மறைக்கும் ஒட்டுத்தாள்) வாங்குவதை நான் வீண் செலவாக நினைக்கவில்லை. இரண்டு குமிழ்களின் ஓரங்களையும் கையால் வெட்டி ஒட்டிப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை புரியும்.

சாய்ந்து நிற்கும் உடம்பு

புகைப்படங்களை நிறையப் பார்த்தவர்களும் சில சமயம் கவனிக்காத விஷயம் இது. எம்ஐ-24-இன் ரோட்டர் உடம்பைப் பொறுத்து வலப்பக்கம் 2.5 டிகிரி சாய்த்து அமைக்கப்பட்டிருக்கிறது. ஒரே இடத்தில் மிதக்கும்போது பக்கவாட்டில் நகர்ந்து போகாமலிருக்க இந்த ஏற்பாடு. தரையில் நிற்கும்போது ரோட்டர் மட்டமாக இருக்க வேண்டுமே. அதற்காகச் சக்கரக் கால்களையும் சாய்வாக வைத்தார்கள். விளைவு, ரோட்டர் மட்டமாக நிற்க, உடம்பு இடப்பக்கம் சாய்ந்து நிற்கும். நேர் முன்னாலிருந்து எடுத்த படம் கிடைத்தால் ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள்.

இந்தச் சாய்வை அளவோடு சேர்த்துப் பாருங்கள். குட்டை இறக்கைகளின் முனைக்கு முனை அகலம் சுமார் 6.5 மீட்டர். 2.5 டிகிரியில் இடது முனை வலது முனையை விடத் தாழ்ந்திருக்கும் உயரம் 72-இல் 4 மி.மீ., 48-இல் 6 மி.மீ., 35-இல் 8 மி.மீ. 72-இல் சக்கரம் ஒட்டியது கொஞ்சம் கோணல் போலிருக்கிறது என்று யாராவது சொல்லக்கூடும். 48-இலும் 35-இலும் அது சாய்வுதான் என்று தெளிவாகத் தெரியும். இங்கே மாடலைக் கெடுப்பது பெரும்பாலும் நம்முடைய நல்ல பழக்கம்தான். பசை காய்வதற்கு முன் மாடலை மட்டமான மேசையில் வைத்து, இரண்டு இறக்கையும் சமமாக இருக்கிறதா என்று பார்த்து, காலை இழுத்துச் சரிசெய்வோம். எம்ஐ-24-இல் அப்படிச் செய்யாதீர்கள். மட்டம் பார்க்க வேண்டியது ரோட்டர் தலையை. மூன்று கால்களையும் பசையில்லாமல் பொருத்தி, ரோட்டர் அச்சில் ஒரு குச்சியைச் செருகி, அது நேராக நிற்கும்படி வைத்துக்கொண்டு அப்புறம் ஒட்டுங்கள்.

இன்னொன்று, வால் ரோட்டர். தொடக்ககால எம்ஐ-24-களில் அது வலப்பக்கம் இருந்தது, பிறகு இடப்பக்கம் மாற்றினார்கள். டி, வி, பி வகைகளைக் கட்டும்போது பழைய படத்தைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். பி வகையில் மூக்கின் கீழ் சுழலும் துப்பாக்கி கிடையாது. உடம்பின் வலப்பக்கத்தில் அசையாமல் பொருத்திய 30 மி.மீ. இரட்டைக் குழல் பீரங்கி.

எடை

எம்ஐ-24 மாடலில் நீண்ட வால், முன்னால் வெற்றுக் கண்ணாடி. மூக்கில் எடை வைக்காவிட்டால் பின்னால் சாய்ந்துவிடும். 72-இல் மீன்பிடி ஈயக் குண்டு நாலைந்தைக் காக்பிட் தளத்துக்கு அடியில் ஒட்டினால் தீர்ந்தது. 35-இல் நிலைமையே வேறு. மாடலே கனம், அதோடு மூக்கில் எடை, அத்தனையையும் தாங்குவது மெல்லிய பிளாஸ்டிக் கால்கள். நாளாக நாளாகக் கால்கள் விரிந்துகொடுக்கும். அதற்காக உலோகக் கால்களைத் தனியே வாங்க வேண்டிவரும். யானை வாங்கியவன் அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்க முடியாது என்பார்கள், அதுதான். 48-இல் கிட்டின் கால்களே பெரும்பாலும் தாங்கிவிடும். எனக்கு 48 பிடித்துப்போனதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ரோட்டர்

நின்றிருக்கும் ஹெலிகாப்டரின் பிளேடுகள் தம் கனத்தாலேயே முனையில் தொங்கும். கிட்டில் பெரும்பாலும் நேராகவே வார்த்துக் கொடுக்கிறார்கள். அப்படியே ஒட்டினால், மற்றதெல்லாம் எவ்வளவு அழகாக இருந்தாலும், விசிறியில் உயிர் இருக்காது. அகலமான கண்ணாடிப் பாட்டில் ஒன்றின் வளைவில் பிளேடை டேப்பால் கட்டி, கொதித்து இறக்கிய நீரில் சற்று நேரம் வைத்து, உடனே குளிர்ந்த நீரில் முக்குங்கள். ஐந்தும் ஒரே அளவு வளைய வேண்டும். அதற்கு ஒரே பாட்டில், ஒரே இடத்தில் கட்டுவதுதான் தந்திரம்.

72-இல் பிளேடு அளவுக்கு மீறித் தடிப்பாக இருப்பதால், பின்விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து மெல்லியதாக்கிய பிறகு வளைப்பது நல்லது. 35-இல் வளைவு பெரிது, சற்று ஏறுமாறாக இருந்தாலும் தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். ரோட்டர் தலையில் இருக்கும் தண்டுகள், குழாய்கள், ஒயர்கள் 48-இலும் 35-இலும் தனியாக வேலை கேட்கும். மெல்லிய ஈயக் கம்பியும் செப்புக் கம்பியும் இருந்தால் ஒரு மாலைப் பொழுதில் முடியும் வேலை. என் பார்வையில், ஹெலிகாப்டரில் கூடுதலாக ஒரே ஒரு இடத்தில்தான் உழைக்கப்போகிறீர்கள் என்றால் அது ரோட்டர் தலையாக இருக்கட்டும். எந்தக் கண்ணாடியும் அதை மறைக்காது, மேலிருந்து பார்க்கிற யாரும் அதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். ரோட்டரை ஒட்டாமல், சின்னக் காந்தம் வைத்துக் கழற்றும்படி செய்துகொண்டால் தூசி தட்டவும் இடம் மாற்றவும் எளிது. 35-இல் அது கட்டாயம் என்றே சொல்வேன்.

உள்ளே என்ன வாங்கிப் போடலாம்

காக்பிட்டை மெருகேற்ற இப்போது மூன்று வழிகள். கிட்டோடு வரும் டெக்காலும் தூரிகையும் முதல் வழி. எட்வார்ட் போன்றவர்கள் தரும் பித்தளை எட்ச் தகடு (அரித்து வடிவெடுத்த மெல்லிய உலோகப் பாகங்கள்) இரண்டாவது. குயின்டா ஸ்டுடியோ போன்றவர்களின் முப்பரிமாண அச்சு டெக்கால் மூன்றாவது. 72-க்கு முதல் வழியே போதும். வேறெதுவும் கண்ணாடிக்குள் காணாமல் போய்விடும்.

48-இல் எட்சும் முப்பரிமாண டெக்காலும் நேருக்கு நேர் மோதுகின்றன. கருவிப் பலகையைப் பொறுத்தவரை முப்பரிமாண டெக்காலே மேல் என்பேன். டயலில் கண்ணாடி மினுமினுக்கும், சுவிட்சுகள் நிஜமாகவே புடைத்திருக்கும், ஏற்கெனவே நிறமும் இருக்கும். பித்தளைத் தகடு எவ்வளவு நுணுக்கமாக இருந்தாலும் தட்டையானதுதான். குமிழும் கைப்பிடியும் தட்டையாக இருப்பதைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் தெரியும். ஆனால் காற்று நுழைவாய் வலைகள், மெல்லிய ஆன்டெனா, கதவுப் பிடி ஆகியவற்றுக்கு பித்தளையை அடித்துக்கொள்ள ஆளில்லை. அசலிலும் அவை மெல்லிய உலோகம்தானே. இருக்கைப் பட்டைக்கு இரண்டில் எது கிடைத்தாலும் சரி. எட்சை மடிக்கத் தட்டையான மூக்குள்ள இடுக்கியும் பொறுமையும் வேண்டும், ஒரு முறை தப்பாக மடித்ததைத் திருப்பி மடித்தால் பெரும்பாலும் ஒடிந்துவிடும்.

வீரர்கள் உட்காரும் அறைக்கு நான் செலவழிக்க மாட்டேன். கதவு மேல்பாதி கீழ்பாதி என்று இரண்டாகப் பிரிந்து திறக்கும். கீழ்ப்பாதியின் உள்பக்கம் படிக்கட்டாக இருக்கும். அதைத் திறந்து காட்டும் எண்ணமிருந்தால் மட்டும் உள்ளே வேலை செய்யுங்கள். மூடுவதாக இருந்தால் அந்தக் காசை ரோட்டர் தலைக்குக் கொடுங்கள்.

பெயிண்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 72-ஐத் தூரிகையாலேயே நன்றாக முடிக்கலாம், 35-க்கு ஏர்பிரஷ் இல்லாமல் இறங்க வேண்டாம். எந்த அளவிலும் விட்டுவிடக் கூடாதது எக்சாஸ்டுக்குப் பின்னால் படியும் கரி. அரைத்த பாஸ்டல் பொடியை மெல்லிய தூரிகையால் பின்நோக்கித் தேய்த்தாலே வந்துவிடும்.

அப்படியானால் எது?

எம்ஐ-24-க்கு என் தேர்வு 48. நடுவில் இருப்பதால் அல்ல. நீங்கள் செய்யும் வேலை எல்லாம் வெளியே தெரிகிற, அதே சமயம் மாடலே உங்களோடு மல்லுக்கு நிற்காத அளவு அதுதான். ஒரே ஹெலிகாப்டரின் பல நாட்டு நிறங்களை வரிசையாக வைத்து அழகு பார்க்க வேண்டுமென்றால் 72-க்குப் போங்கள். 35-ஐத் தேர்வு செய்ய ஒரே நல்ல காரணம் காட்சியமைப்பு. டாங்கியும் வீரர்களும் அதிகம் கிடைப்பது அந்த அளவில்தான். தரையில் இறங்கி நிற்கும் எம்ஐ-24-ஐச் சுற்றி ஐந்து செ.மீ. உயர மனிதர்கள் நடமாடினால் அந்தக் காட்சிக்கு வேறு எதுவும் ஈடில்லை.

இந்தத் தீர்ப்பு எல்லா ஹெலிகாப்டருக்கும் பொருந்தாது. ஓஎச்-6 மாதிரி சின்ன ஹெலிகாப்டரின் ரோட்டர் 8 மீட்டர்தான். 35-இல் கட்டினாலும் 23 செ.மீ., அதாவது 72-இல் கட்டிய எம்ஐ-24-ஐ விடச் சற்றுச் சிறியது. அதை 1/35-ஐ விடச் சிறிதாகக் கட்ட வேண்டிய அவசியமே இல்லை. சினூக்குக்கோ நேர் எதிர். சுழலும் இரண்டு ரோட்டர்களையும் சேர்த்தால் அதன் நீளம் 30 மீட்டரைத் தாண்டும், 35-இல் 86 செ.மீ. டிரம்பெட்டர் அந்த அளவிலும் ஒரு கிட் போட்டிருக்கிறது. வாங்குவதற்கு முன்னால் அதை எங்கே வைப்பது என்று வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் 72-இல் 42 செ.மீ.யோடு நிறுத்திக்கொள்ளலாம்.