சுங்கை சிப்புட்டில் ஒரு வாலிபர் ஐக்கியம்: பிள்ளைகளை அனுப்பலாமா?

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய சிறிய தமிழ்க் கிறிஸ்தவ சபையில் இளைஞர்கள் சனிக்கிழமை மாலை 6 மணிக்குக் கூடுகிறார்கள். பாட்டுக்கு 15 நிமிடம்தான். பிறகு நான்கு நான்கு பேராகப் பிரிந்து, மூத்தவர் ஒருவரோடு உட்காருகிறார்கள். அருமையான ஏற்பாடு. குழு பெரிதானால் வாயுள்ள இருவர் மட்டுமே பேசுவார்கள், மற்றவர்கள் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.

கேள்விகள் நேரடியானவை. இந்த வாரம் யாரோடு அதிக நேரம் இருந்தாய்? வீடு திரும்பியதும் ஜெபிக்க மனம் வந்ததா, அம்மாவிடம் எரிந்து விழுந்தாயா? கைப்பேசியின் திரை நேரக் கணக்கைத் திறந்து, எந்தச் செயலி நேரத்தைத் தின்றது என்று அவரவரே பார்க்க வேண்டும். மூத்தவர் அதை வாங்கிப் பார்ப்பதில்லை. பார்த்தால் அடுத்த வாரம் பாதிப் பேர் வரமாட்டார்கள்!

“ஆகாத சம்பாஷணைகள் நல்லொழுக்கங்களைக் கெடுக்கும்” என்ற 1 கொரிந்தியர் 15:33ஐ மிரட்டலாகப் பயன்படுத்தாமல், ஞானிகளோடு நடக்கச் சொல்லும் நீதிமொழிகள் 13:20ஐயும் சேர்த்தே படிக்கிறார்கள். பழைய கூட்டாளிகளை ஒரேயடியாக வெட்டிவிடச் சொல்வதில்லை. பந்து விளையாடு, ஆட்டம் முடிந்து போத்தல் திறக்கும்போது கிளம்பிவிடு என்கிறார்கள். நடைமுறைக்கு ஏற்ற புத்தி.

ஒரு பெரிய குறை, ஜெப விண்ணப்பம் என்ற பெயரில் அடுத்த வீட்டுக் கதை வெளியே வருவது. பெயர் சொல்லக்கூடாது என்று தொடக்கத்திலேயே கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஷிப்ட் வேலை செய்பவர்களுக்கு மாற்று நாளும் இல்லை. மோட்டார் சைக்கிள் இல்லாதவர்கள் திரும்பும் துணையை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.