அண்டாவுக்குக் குழாய் வைக்கக் கொடுக்கிறீர்களா? உள்பக்கத்தைப் பார்க்காமல் வாங்காதீர்கள்

கடலூர்ப் பக்கம் எவர்சில்வர் அண்டாவில் குழாய் வைக்கப் பட்டறைக்குக் கொடுக்கப் போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

திருப்பாதிரிப்புலியூரில் வீட்டிலேயே நன்னாரி சர்பத் காய்ச்சி விற்கிறேன். 40 லிட்டர் அண்டாவைக் கொதிக்கக் கொதிக்கச் சாய்த்து வடிகட்டுவது இரண்டு ஆள் வேலை. போன கோடையில் என் நாத்தனார் கையில் பாகு கொட்டித் தோல் உரிந்துவிட்டது. அடியிலிருந்து இரண்டு விரற்கடை மேலே ஒரு பால் வால்வு (ball valve, கைப்பிடியைத் திருப்பினால் திறக்கிற குழாய்) வைத்துவிட்டால் சாய்க்கவே வேண்டாம். வேர்த்தூளும் மண்ணும் அடியில் தங்கிவிடும், தெளிவு மட்டும் வடியும்.

பட்டறையில் தெளிவாகத்தான் சொன்னேன்: அரை இன்ச், 304 (சாப்பாட்டுச் சாமானுக்கு ஏற்ற எவர்சில்வர் ரகம்) ஃபிட்டிங், உள்ளே சிலிகான் வாஷர். பட்டறைக்காரர் 2,400 ரூபாய் முன்பணமாகவே வாங்கிக்கொண்டார். "ஒரு சொட்டு ஒழுகாதுக்கா, நான் கேரண்டி" என்றார். அண்டா வந்தபோது உள் நட்டைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஏதோ அப்பியிருந்தது. கேட்டேன். "சாப்பாட்டுச் சாமானுக்குப் போடுற பேஸ்ட்டுதான்க்கா" என்றார். நம்பிவிட்டேன்.

மூன்றாவது காய்ச்சலில், எலுமிச்சைச் சாறு சேர்த்துக் கிண்டிக்கொண்டிருக்கும்போதே நட்டோரம் ஒழுகி அடுப்பு அணைந்தது. ஆறவைத்துப் பார்த்தால், அப்பியிருந்தது பொரிந்து, பொருக்குப் பொருக்காகச் சர்பத்தில் மிதக்கிறது. எம்சீல், ஓட்டை அடைக்கிற பசை! நட்டின் விளிம்பில் முலாம் போய் மஞ்சளாகப் பல்லிளிக்கிறது. மரை இடுக்கில் பச்சைக் களிம்பு. 304 என்று சொல்லிப் பித்தளையை மாட்டியிருக்கிறார்.

ஈயம் பூசாத பித்தளையில் புளி கரைக்கக் கூடாது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? எலுமிச்சையும் அதே புளிப்புதான். லேத்தில் கடைய எளிதாக இருக்கட்டும் என்று காரீயம் (உடம்புக்கு நஞ்சு) கலந்த பித்தளையும் உண்டு. குழந்தைகள் குடிக்கிற பொருள். 30 லிட்டருக்கு மேல் அப்படியே சாக்கடையில் ஊற்றினேன். சித்திரைக் கல்யாண ஆர்டர் அது.

நட்டைக் கழற்றியதும்தான் வயிறு எரிந்தது. அரை இன்ச் மரையின் வெளிவிட்டம் 21 மில்லிமீட்டர்தான், துளையும் அந்த அளவுதான் இருக்க வேண்டும். இவர்கள் டிரில்லால் துளை போடவே இல்லை. வெல்டிங் ராடை வைத்து ஊதியிருக்கிறார்கள். வட்டமே இல்லை. ஓரமெல்லாம் கருகி, ரம்பப் பல் மாதிரி நிற்கிறது. என் கட்டைவிரல் தாராளமாகப் போய் வந்தது. வாஷர் எதன்மேல் உட்காரும்? அதை மறைக்கத்தான் எம்சீல்.

திரும்பக் கொண்டுபோனேன். காந்தத்தை வைத்துக் காட்டி, "ஒட்டலை பாருங்க, எஸ்எஸ்தான்" என்றார். பித்தளையிலும்தான் காந்தம் ஒட்டாது. மட்டமான 202 எவர்சில்வரிலும் ஒட்டாது. அந்தச் சோதனையை வைத்து யார் பேசினாலும் ஏமாறாதீர்கள். பில் இருக்கிறதா என்று கேட்டார். என்னிடம் இல்லை, அது என் தப்பு.

கடைசியில் புதுச்சேரி தட்டாஞ்சாவடியில் ஒரு வெல்டர் தம்பி சரிசெய்து கொடுத்தார். ஓட்டையைச் சீராக வட்டமாக வெட்டி, மேலே 304 தகடு வைத்து, குழாயைத் திருகுகிற சாக்கெட்டோடு டிக் வெல்டிங் (ஆர்கான் வாயு விட்டுப் பற்றவைப்பது). உள்பக்கமும் ஆர்கான் விட்டுத்தான் பற்றவைத்தார், இல்லாவிட்டால் உள்ளே கருகிப் பொருபொருவென்று ஆகித் துரு பிடிக்குமாம். பக்கத்தில் நின்று பார்த்தேன். வெறும் தண்ணீரை ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு, தாளால் துடைத்துக் காட்டிவிட்டுத்தான் காசு வாங்கினார்.

வெல்டிங் இல்லாமல் நட்டு வைத்தே முடுக்குவதானாலும் சரி, மாட்டுவதற்கு முன் துளையைப் பாருங்கள். ஸ்டெப் டிரில்லில் (படிப்படியாகப் பருத்துப் போகிற துளைக்கருவி) எண்ணெய் விட்டு மெதுவாகப் போட்டால் ஓரம் வழவழப்பாக இருக்கும். நட்டின் விளிம்பில் அரத்தால் ஓர் இழுப்பு இழுக்கச் சொல்லுங்கள். மஞ்சள் தெரிந்தால் அண்டாவைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். பில்லில் 304 என்று எழுதி வாங்குங்கள்.

களிம்பேறிய அந்த நட்டு வீட்டில்தான் இருக்கிறது, யார் வந்தாலும் காட்டுகிறேன். 2,400 ரூபாய் இன்னும் வரவில்லை.