தொப்புள்கொடி ரத்தச் சேமிப்பு: பாலிசி விற்பவன் பார்வையில்

பத்தொன்பது வருடமாக ஈரோட்டில் இன்சூரன்ஸ் முகவராக இருக்கிறேன். ஸ்கேன் சென்டர் வாசலில் ஒரு பெண் என் மனைவியிடம், "இது பாப்பாவுக்கான பயோ இன்சூரன்ஸ் மேடம்" என்று ஆரம்பித்தபோதே எனக்குக் காது நிமிர்ந்துவிட்டது. முதலில் பயத்தைக் காட்டு, அப்புறம் குடையை நீட்டு. நான் இருபத்தைந்து வயதில் கற்றுக்கொண்ட அதே பாடம். பிரசவத்தின்போது தொப்புள்கொடி ரத்தத்தை எடுத்து, பிள்ளைக்குப் பின்னால் நோய் வந்தால் உதவும் என்று ஒரு நிறுவனம் காசு வாங்கிக்கொண்டு உறைய வைத்துச் சேமிக்கும் திட்டம் அது. இருந்தும் கையெழுத்துப் போட்டேன். ஏழாம் மாதத்தில் யார் கணக்குப் பார்க்கிறார்கள்? போதாததற்கு மாமனார், "செலவைப் பாக்காதீங்க மாப்பிள்ளை, பாதி நான் தர்றனுங்க" என்று சொல்லிவிட்டார்.

நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. என் சண்டை அந்தப் பொருளோடுதான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ரத்தம் சேகரிக்கும் பெட்டி சொன்ன தேதிக்கு வந்தது. உள்ளே ரத்தம் உறையாமலிருக்க மருந்து கலந்த பை, ஜெல் பொட்டலங்கள், தாயின் ரத்தத்தைச் சோதனைக்கு எடுக்கும் குழாய்கள். கொடியை வெட்டிய பிறகு அதிலிருக்கும் ரத்தத்தைத்தான் ஊசி வழியே எடுக்கிறார்கள். தாய்க்கும் பிள்ளைக்கும் வலி கிடையாது. அதிகாலை மூன்று மணிக்குக் குழந்தை பிறந்தது. ஐந்தரைக்கெல்லாம் பைக்கில் ஒரு பையன் வந்து பெட்டியை வாங்கிக்கொண்டு போனான். மழையில் நனைந்திருந்தவன், டீ வேண்டுமா என்று கேட்டதற்கு நேரமில்லை சார் என்றான்.

மூன்று வாரம் கழித்து ரிப்போர்ட் வந்தது. 62 மில்லி ரத்தம், 58 கோடி செல்கள், திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் சேமிப்பு. அன்று ராத்திரிதான் பாலிசி பத்திரம் படிப்பது போல எல்லாவற்றையும் ஒழுங்காகப் படித்தேன்.

அந்தப் பைக்குள் இருப்பவை ரத்தம் உண்டாக்கும் ஸ்டெம் செல்கள். சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு மூன்றும் இவற்றிலிருந்து வருகின்றன. எலும்பு மஜ்ஜையில் இருப்பதும் இதே வகைதான். நினைத்த உறுப்பை வளர்த்துக்கொள்ளும் விதைநெல் என்று எண்ணிவிட வேண்டாம். 1988-இல் பாரிஸில் எலியான் குளுக்மன் என்ற மருத்துவரின் குழுவினர் தொப்புள்கொடி ரத்தத்தை வைத்து முதன்முதலாக ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை செய்தார்கள். ஃபான்கோனி ரத்தசோகை என்ற பரம்பரை நோய் வந்த ஐந்து வயதுப் பையன் பிழைத்தான். நிறுவனத்தின் விளம்பரப் பிரசுரத்தின் முதல் பக்கத்திலேயே இந்தக் கதை இருக்கிறது. அவனைக் காப்பாற்றியது அவனுடைய ரத்தம் அல்ல, அப்போதுதான் பிறந்த தங்கையின் ரத்தம் என்பது மட்டும் அதில் இல்லை.

விஷயமே அங்குதான் இருக்கிறது. தலசீமியா போலப் பரம்பரையாக வரும் ரத்தக் கோளாறு என்றால், குழந்தையின் சொந்தச் செல்லிலும் அதே பிழையான மரபணு உட்கார்ந்திருக்கும். சில ரத்தப் புற்றுநோய்களுக்கான விதை பிறக்கும்போதே ரத்தத்தில் இருக்கலாம். அதோடு, இன்னொருவர் செல் உள்ளே போனால் மிச்சமிருக்கும் புற்றுச் செல்லை அது எதிரியாகப் பார்த்துத் தாக்கும். சொந்தச் செல் அதைச் செய்யாது. எங்கள் பாஷையில் சொன்னால், எந்த நோயைக் காட்டி பாலிசியை விற்றார்களோ, அதே நோய்தான் "இதற்கெல்லாம் பணம் கிடையாது" என்கிற விலக்குப் பட்டியலில் முதலில் நிற்கிறது. பிரசுரத்தில் "80-க்கும் மேற்பட்ட நோய்கள்" என்று போட்டிருக்கும் பட்டியலில் பெரும்பாலானவற்றுக்கு அடுத்தவர் செல்தான் தேவை. ஆட்டிசம், சர்க்கரை நோயெல்லாம் பொடி எழுத்தில் "ஆய்வில் உள்ளவை". இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல், பிற்காலத்தில் சொந்த உபயோகத்துக்கென்று இப்படிச் சேமிப்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்றே சொல்கிறது.

அளவையும் பாருங்கள். சிகிச்சை பெறுபவரின் எடையில் ஒரு கிலோவுக்குச் சுமார் 2.5 கோடி செல்லாவது வேண்டும். என் பையில் இருப்பதை வகுத்தால் 23 கிலோ வருகிறது. அதாவது இரண்டாம் வகுப்புப் பிள்ளை. நான் எடுத்தது 75 வருடத் திட்டம்!

வாடிக்கையாளர் எண்ணைக் கூப்பிட்டு, என் பெண்ணுக்கே லுக்கீமியா என்ற ரத்தப் புற்றுநோய் வந்தால் இந்தப் பையை ஏற்றுவார்களா என்று கேட்டேன். மேலதிகாரி பேசுவார் என்றார்கள். இரண்டு மாதமாகிறது.

பை ஏன் நிறையவில்லை என்று மாமனாருக்கு வருத்தம். எங்கள் டாக்டரம்மா ஒரு நிமிடத்துக்கு மேல் பொறுத்துத்தான் கொடியை வெட்டினார். உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் அதைத்தான். அந்த ரத்தம் குழந்தைக்குள் போனால் பின்னால் இரும்புச்சத்துக் குறைவு வருவது குறையும். மீதிதான் பைக்கு வந்தது. எனக்கு அதில் வருத்தமே இல்லை.

யாருக்கும் வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். மூத்த பிள்ளைக்குத் தலசீமியா போன்ற நோய் ஏற்கெனவே இருந்து, அடுத்தது பிறக்கப் போகிறது என்றால் கட்டாயம் எடுத்து வைக்கலாம். உடன்பிறப்புக்குப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. அதை ரத்தநோய் மருத்துவரிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும், ஸ்கேன் சென்டர் வாசலில் அல்ல. பலர் போட்டு வைத்ததில் பொருந்துவதை எடுத்துக்கொள்ளும் பொதுச் சேமிப்புதான் எனக்கு இன்சூரன்ஸ் மாதிரித் தெரிகிறது. இடர் அங்கேதான் பகிரப்படுகிறது. சென்னையிலிருந்து 2009 முதல் நடக்கும் தாத்ரி என்ற ஸ்டெம் செல் கொடையாளர் பதிவேடும் அந்த வழிதான். கன்னத்தின் உட்புறம் பஞ்சுக்குச்சியால் தடவிக் கொடுத்துப் பதிந்துகொண்டேன். செலவு ஒன்றுமில்லை.

ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். இரண்டும் மழையில் வந்த அந்தப் பையனுக்கு.